திருச்சி – யாழ்ப்பாணம்: 184 கி.மீ.க்கு எதற்கு ஒரு மணி நேரம்?

மீனா_திருவானைக்கோவில்:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணம். திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் போகலாம் என்று பார்க்கிறோம். தூரமும் நேரமும் தேடினால் ஒவ்வொரு தளமும் ஒவ்வொன்று சொல்கிறது. ஒன்றில் 184 கி.மீ., பறக்கும் நேரம் 14 நிமிடம். இன்னொன்றில் அதே 184 கி.மீ., ஆனால் 44 நிமிடம். டிக்கெட் போடும் இடத்திலோ முழுசாக ஒரு மணி நேரம். தூரத்தில் சண்டையில்லை, நேரத்தில்தான் மூன்று கதை. 14 நிமிடத்தில் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கே வந்து சேர முடியாது! எதை நம்புவது? அதைவிட, வீட்டு வாசலிலிருந்து கல்யாண வீட்டு வாசலுக்கு எவ்வளவு நேரம் வைத்துக்கொள்வது?

பொன்மலை_ராஜு:

ஒரு மணி நேரம் என்பது கம்பெனிக்காரன் போடும் கணக்கு. நிஜத்தில் 35 நிமிடத்தில் இறக்கிவிட்டு, "குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்" என்று மைக்கில் பெருமை பேசுவான். ரயில்வேயில் இதை நாங்கள் காலங்காலமாகப் பார்க்கிறோம். கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் அரை மணி நேரம் சும்மா சேர்த்து வைத்திருப்பார்கள்.

உயரமானி:

ராஜு அண்ணன் சொல்வதில் பாதி சரி. மீதியை நான் சொல்கிறேன். விமான நிறுவனத் தரைப்பணியில், எடைக் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான்.

முதலில் 184 எங்கிருந்து வந்தது? திருச்சி நிலையம் ஏறக்குறைய 10.77 வடக்கு, 78.71 கிழக்கு. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி 9.79 வடக்கு, 80.07 கிழக்கு. தெற்கே 108 கி.மீ. இறக்கம், கிழக்கே 149 கி.மீ. நகர்வு. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் போதும், 184 வந்துவிடும். பெரிய தூரம் என்றால் பூமியின் வளைவைச் சேர்க்க வேண்டும். இங்கே அதற்கெல்லாம் வேலையில்லை. கடல்மைலில் சொன்னால் 99. திசை, வடக்கிலிருந்து 126 டிகிரி, அதாவது தென்கிழக்கு.

அந்த 14 நிமிடம், 184-ஐ மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்தது. 44 நிமிடம், அதோடு ஏறவும் இறங்கவும் என்று கண்ணை மூடிக்கொண்டு 30 சேர்த்தது. இரண்டுமே இயந்திரம் போட்ட விடை. எந்த விமானம் போகிறது, போகிறதா இல்லையா என்பதுகூட அதற்குத் தெரியாது. இந்தத் தடத்தில் ஓடுவது ஏ.டி.ஆர். 72. இரண்டு விசிறி வைத்த விமானம், 78 இருக்கை. நன்றாக வேகம் பிடித்தாலே மணிக்கு 500 கி.மீ. சொச்சம்தான். 800 அதற்குக் கனவில்கூட வராது.

சேலத்துக்காரன்:

"போகிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாது" — இது நூற்றுக்கு நூறு. சேலம் – தூத்துக்குடி போட்டுப் பாருங்கள். 338 கி.மீ., ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று அழகாக வரைபடத்தோடு காட்டும். விமானம் எங்கே? சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து சென்னை போய், அங்கே காத்துக் கிடந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடியின் வாகைக்குளம் நிலையத்துக்கு வரவேண்டும். நேர்க்கோட்டில் அளந்தாலே 265-உம் 527-உம் சேர்ந்து 790 கி.மீ. கிட்ட. அதற்குப் பதில் ராத்திரி பஸ் ஏறித் தூங்கிவிடலாம். இந்தத் தளங்களில் "விமானம் கிடையாது" என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

பொன்மலை_ராஜு:

சரி உயரமானி, 500 என்றே வைத்துக்கொள்வோம். 184-ஐ 500-ஆல் வகுத்தால் 22 நிமிடம். மீதி 38 நிமிடம் எங்கே போனது? அதைத்தானே நான் கேட்கிறேன்.

உயரமானி:

வருகிறேன் அண்ணே. 500 என்பது மேலே ஏறி, மூக்கை நேராக்கிய பிறகு வரும் வேகம். இந்தத் தடத்தில் அந்த நிலைக்குப் போவதே பெரும்பாடு.

உதாரணத்துக்கு 13,000 அடி உயரம் என்று வையுங்கள். (கிழக்குப் பக்கம் போனால் ஒற்றைப்படை ஆயிரம், மேற்குப் பக்கம் வந்தால் இரட்டைப்படை ஆயிரம் என்பது வழக்கம். அதனால் போகும்போது 13, திரும்பும்போது 12 அல்லது 14.) ஏ.டி.ஆர். நிமிடத்துக்குச் சராசரி 1,000 அடி ஏறும். ஏறி முடிக்க 12, 13 நிமிடம். அதற்குள் 40 கடல்மைல் போய்விடுகிறது. இறங்குவதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு, ஒரு கடல்மைலுக்கு 300 அடி. 13,000 அடி இறங்க 43 கடல்மைல் வேண்டும். நாற்பதும் நாற்பத்து மூன்றும் 83. மொத்தமே 99. மிச்சம் 16 கடல்மைல், நாலைந்து நிமிடம். அவ்வளவுதான் நேராகப் பறப்பது. மற்றதெல்லாம் ஏற்றமும் இறக்கமும், இரண்டும் மெதுவான வேலை. கடைசியில் சக்கரம் இறக்கி, இறக்கை மடல் விரித்து வரும்போது வேகம் இன்னும் பாதியாகும். ஆக, காற்றில் இருப்பது 30 முதல் 36 நிமிடம்.

டிக்கெட்டில் போட்டிருப்பது காற்றில் இருக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, அங்கே போய் நின்று கட்டை வைக்கும் வரை. பிளாக் டைம் என்பார்கள். இங்கே ஓடுதளம் வரை உருண்டு போக, முன்னால் ஒரு சிங்கப்பூர் விமானமோ துபாய் விமானமோ இருந்தால் அது போகும்வரை நிற்க, 10 நிமிடம். அங்கே இறங்கி உருள 5 நிமிடம். சிறிய நிலையங்கள் பலவற்றில் ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில் தனிப் பாதை இருக்காது, ஓடுதளத்திலேயே திரும்பி வரவேண்டும். இதெல்லாம் சேர்த்தால் 50 கிட்ட. அதற்கு மேல் உள்ளது நீங்கள் சொன்ன அந்தத் தாராளம். அட்டவணைக்கு மேல் 15 நிமிடத்துக்குள் வந்தால் தாமதமில்லை என்று கணக்கெடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அப்படியிருந்தும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள்.

மீனா_திருவானைக்கோவில்:

இப்போது புரிகிறது. ஆனால் என் தங்கை கொழும்புக்குத் திருச்சியிலிருந்து போனாள், அதுவும் ஒரு மணி நேரம்தான் என்றாள். கொழும்பு இன்னும் தூரமாச்சே?

உயரமானி:

கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா 417 கி.மீ. இரண்டேகால் மடங்கு தூரம். ஆனால் அது ஜெட். தரையில் ஆகும் நேரமும் ஏறி இறங்கும் நேரமும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடுதல் தூரத்தை ஜெட் மேலே பாய்ந்து விழுங்கிவிடும். குறுந்தடத்தில் கிலோமீட்டரைப் பார்த்து நேரத்தைச் சொல்லவே முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நெய்தல்:

இதைவிடக் குட்டித் தடம் ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஓர்க்னித் தீவுகள், வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே. தூரம் 2.7 கி.மீ. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று சாதகமாக அடித்தபோது 53 விநாடியில் போயிருக்கிறார்கள். 1967-லிருந்து லோகன்ஏர் ஓட்டுகிறது, ஐலண்டர் என்ற சின்ன விமானம். அங்கே ஏற்றம் இறக்கம் என்று எதுவும் இல்லை, எழும்பி எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடும். அந்த 2.7 கி.மீ.யை ஜெட் வேகத்தால் வகுத்தால் 12 விநாடி வரும். தளங்கள் அதையும் போட்டிருந்தால் ஆச்சரியமில்லை.

வடமராட்சியான்:

ஓம், இதைப் பற்றிக் கதைக்க எங்கட பக்கத்து ஆள் ஒருவரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீனா தங்கச்சி, போற மாதத்தையும் பாருங்கோ. உயரமானி அண்ணை சொன்ன 30-க்கும் 36-க்கும் இடையில் இருக்கிற ஆறு நிமிடம் பெரும்பாலும் காற்றால் வாறது. பலாலி ஓடுதளம் வடகிழக்கு – தென்மேற்காகக் கிடக்குது. சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் விமானம் காற்றை எதிர்த்து இறங்கவேணும். அதாவது தென்மேற்குப் பார்த்து. வடமேற்கிலிருந்து வாற விமானம் நேரே வந்து குந்த ஏலாது. கரையைத் தாண்டாமல் கடலுக்கு மேலே கிழக்கே போய், வல்வெட்டித்துறைப் பக்கத்தில் சுற்றித் திரும்பி, கடல் பக்கத்தால் வந்து இறங்கும். வாடைக்காற்றுக் காலத்தில் மறுபக்கம், மல்லாகம் – அளவெட்டிப் பக்கத்தால் தரைக்கு மேலாக வரும்.

உயரமானி:

அருமை! திருச்சியிலும் இதே கதைதான். ஓடுதளம் கிழக்கு – மேற்கு. ஆடி மாதக் காற்றுக்கு மேற்குப் பார்த்து எழும்ப வேண்டும். யாழ்ப்பாணம் இருப்பதோ தென்கிழக்கில். எழும்பியதும் முதுகைக் காட்டித் திரும்பி வரவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குப் பார்த்து எழும்பினால் லேசாக வலப்பக்கம் சாய்த்தாலே பாதை பிடித்துவிடலாம். ஆக, தென்மேற்குப் பருவத்தில் இரண்டு முனையிலும் சுற்று, வடகிழக்குப் பருவத்தில் இரண்டு முனையிலும் லாபம்.

ஆனால் மேலே காற்று எதிர்க்கணக்குப் போடும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் காற்று போகும்போது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். 30 நாட் (மணிக்கு 30 கடல்மைல்) காற்றுக்கு இந்தத் தூரத்தில் இரண்டு, மூன்று நிமிட வித்தியாசம்தான். மாஸ்கோ, லண்டன் தடங்களில் மணிக்கணக்கில் பேசுவார்களே, அந்த விளையாட்டெல்லாம் இங்கே செல்லாது.

பொன்மலை_ராஜு:

ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 184 கி.மீ.க்கு விமானம் என்பது பக்கத்துத் தெருவுக்குப் பால் வாங்க லாரியைக் கிளப்புவது போல்தான் எனக்குப் படுகிறது. திருச்சி – மதுரைக்கு யாராவது விமானம் விடுவார்களா?

வடமராட்சியான்:

அண்ணை, மதுரைக்கு இடையில் கடல் இல்லையே! எங்களுக்கு வேறு வழி என்ன என்று பாருங்கோ. இந்த நேரடி விமானம் இல்லாவிட்டால் திருச்சியிலிருந்து கொழும்பு, பிறகு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலோ பஸ்ஸோ. ரயிலில் 400 கி.மீ. கிட்ட, ஆறு முதல் எட்டு மணி நேரம். தெற்கே 400 கி.மீ. பறந்து, திரும்பவும் வடக்கே 400 கி.மீ. தரையில் வாறது. திருச்சியிலிருந்து காலையில் வெளிக்கிட்ட ஆள் வீட்டுக்கு வர நடுச்சாமம் ஆகும்.

இது புதுசும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை கட்டின ஓடுதளம் பலாலி. எயார் சிலோன் தன் முதல் பயணத்தை 1947 டிசம்பர் 10-இல் தொடங்கியதே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குத்தான். பிறகு சண்டை வந்து எல்லாம் நின்றது. 2019 அக்டோபர் 17-இல் சர்வதேச விமானநிலையமாகத் திறந்தார்கள், நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் வந்தது. நாலு மாதம்தான் ஓடியது, கொரோனா வந்து நின்றது. திரும்ப வந்தது 2022 டிசம்பர் 12. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து, 2025 மார்ச் 30-இல் திருச்சியிலிருந்து. திருச்சித் தடம் எங்களுக்குச் சும்மா இல்லை. ஆஸ்பத்திரி, கோயில், படிப்பு, கல்யாணப் புடவை எல்லாம் அந்தப் பக்கம்தானே.

நெய்தல்:

கப்பலை மறந்துவிட்டீர்கள். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை, சுமார் 60 கடல்மைல், நான்கு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கியது, நின்று, 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடியது. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கிடையாது. வரைபடத்தில் ஒரு வேடிக்கை: திருச்சியும் நாகப்பட்டினமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. திருச்சிக்காரர் மூன்று மணி நேரம் கிழக்கே போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தை விமான நிலையத்தில் உட்கார்ந்து கழிக்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம் 😄 சாமான் அதிகம் உள்ளவர்களுக்கு நான் கப்பலைத்தான் சொல்வேன்.

சேலத்துக்காரன்:

ஒரு சந்தேகம். இவ்வளவு கூட்டம் இருந்தால் திருச்சிக்கு வரும் ஏ-320 ஜெட்டையே யாழ்ப்பாணத்துக்கு விடலாமே? நேரமும் மிச்சம், சீட்டும் இரண்டு மடங்கு.

உயரமானி:

ஓடுதளம் இடம் கொடுக்காது தம்பி. முழு எடையில் ஏ-320 எழும்ப இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். ஏ.டி.ஆர். 1,300 மீட்டர் அளவில் எழும்பிவிடும். நேரமும் பெரிதாக மிச்சமாகாது. 99 கடல்மைலில் ஜெட் வேகம் பிடிக்குமுன் இறங்கச் சொல்லிவிடுவார்கள். ஐந்து நிமிடம் குறைந்தால் பெரிது. எரிபொருளோ ஏ.டி.ஆருக்குக் குறைவு. இந்த மாதிரித் தடத்துக்கென்றே செய்த வண்டி அது.

மீனா_திருவானைக்கோவில்:

எல்லாருக்கும் நன்றி. இப்போது என் இரண்டாவது கேள்விக்கு வாருங்கள். வாசலிலிருந்து வாசலுக்கு?

பொன்மலை_ராஜு:

அதை நான் சொல்கிறேன், இதற்கு இன்ஜினியர் வேண்டாம். பக்கத்து ஊர்தானே என்று உள்நாட்டு விமானம் மாதிரி கடைசி நிமிடத்தில் போகாதீர்கள். இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், குடியகல்வு, சுங்கம் எல்லாம் உண்டு. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே, சில சமயம் அதற்கும் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். இரண்டரை மணி நேரம் முன்பு உள்ளே இருங்கள். திருவானைக்கோவிலிலிருந்து புதுக்கோட்டை ரோடு வரை, பாலக்கரை நெரிசலையும் சேர்த்து முக்கால் மணி நேரம் வையுங்கள்.

வடமராட்சியான்:

எங்கட பக்கத்தை நான் சொல்லுறன். பலாலி சின்ன நிலையம், ஒரே நேரத்தில் சனம் குவியாது. இருந்தாலும் குடிவரவு, சுங்கம் முடித்துப் பெட்டி எடுக்க அரை மணி முதல் முக்கால் மணி நேரம். யாழ்ப்பாணம் ரவுனுக்கு 16-17 கி.மீ., ஓட்டோவிலோ வாடகைக் காரிலோ அரை மணி நேரம். கல்யாண வீடு எந்த ஊர்? சுன்னாகம், தெல்லிப்பழை என்றால் பக்கம். சாவகச்சேரி என்றால் இன்னும் அரை மணி நேரம் போடுங்கோ. மின்னணுப் பயண அனுமதியை முன்பே எடுத்துவிடுங்கோ. விதி அடிக்கடி மாறும், வெளிக்கிடுமுன் ஒருக்கால் பாருங்கோ.

கடிகாரத்தைத் திருப்பத் தேவையில்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். 1996-லிருந்து 2006 வரை நாங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தோம், முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை மணி நேரம். இப்ப சமன்.

மீனா_திருவானைக்கோவில்:

கல்யாணம் சுன்னாகத்தில். அப்படியென்றால் வீட்டிலிருந்து முக்கால், நிலையத்தில் இரண்டரை, விமானம் ஒன்று, அங்கே முக்கால், வண்டி அரை. மொத்தம் ஐந்தரை மணி நேரம்! அதில் காற்றில் இருப்பது அரை மணி நேரம்.

உயரமானி:

சரியாகப் போட்டுவிட்டீர்கள். அதனால்தான் 14-ஆ 44-ஆ என்று மண்டையை உடைக்க வேண்டாம் என்கிறேன். திரும்பும் அன்றைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஒரே விமானம் போய், அதுவே திரும்பி வருகிற தடம் இது. இங்கே கிளம்புவது பிந்தினால் அங்கே திரும்புவதும் அதே அளவு பிந்தும். திருச்சியில் இறங்கிய கையோடு வேறு ரயிலோ விமானமோ பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள்.

மலர்_பட்டுக்கோட்டை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த விமானம் எங்கள் ஊர் மேலேயா போகிறது? எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன தெரியும்?

உயரமானி:

கோடு போட்டுப் பார்த்தால் கந்தர்வக்கோட்டைப் பக்கமாக வந்து, பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவில் கரையைத் தாண்டும். சரிபாதி தரை, சரிபாதி கடல். நடுக்கடலில் சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்கு மாறும். விமானி அன்றைக்கு எந்தப் பாதை கொடுக்கப்படுகிறதோ அதில்தான் போவார், கோட்டிலிருந்து கொஞ்சம் விலகலாம்.

இடப்பக்கம் உட்கார்ந்தால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் கோடியக்கரை மூக்கும் வேதாரண்யத்து உப்பளமும் தெரியும். வலப்பக்கம் என்றால் கடைசியில் காரைநகர், ஊர்காவற்றுறைத் தீவுகள். இறக்கை மேலே இருக்கும் விமானம் என்பதால் பார்வையை மறைக்காது. இறக்கையை ஒட்டிய வரிசைகளில் மட்டும் விசிறியும் சக்கரமும் முன்னால் நிற்கும், சத்தமும் விசிறிப் பக்கம்தான் அதிகம்.

வடமராட்சியான்:

நான் வலப்பக்கம்தான் சொல்லுவன் 😀

மலர்_பட்டுக்கோட்டை:

பெரிய கைப்பெட்டி கொண்டு போகலாமா? மேலே வைக்க இடம் இருக்குமா?

உயரமானி:

ஏ.டி.ஆரில் மேல் பெட்டி சின்னது. சக்கரம் வைத்த பெரிய கைப்பெட்டி நுழையாது. வாசலில் வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள், இறங்கியதும் கொடுப்பார்கள். நகை, மருந்து, பாஸ்போர்ட் எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். ஏறும் கதவு பின்னால்தான். முன்வரிசை இருக்கை எடுத்தால் முதலில் இறங்கலாம் என்று கூடுதல் காசு கட்டாதீர்கள், இதில் கடைசி வரிசைக்காரர்தான் முதலில் இறங்குவார்.